பெயரில்லாத பத்தி

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு
புதுப்பாளையம் சைக்கிள் ஸ்டாண்டைப்
பெருக்குவது இந்த மாதம் என் முறை.
பிறகு தராசு, நோட்டு, நான்.

விளைவித்தவரே விலை எழுத வேண்டும்,
சிலேட்டில், சாக்பீஸால். பேரம் கிடையாது.
இந்த ஒரு விதிக்கு மூன்று கூட்டம், ஒரு சண்டை.
எழுந்து போன கலியமூர்த்தி
மறுவாரம் சுரைக்காயோடு வந்து நின்றார்.

சர்க்கரை முந்நூறைத் தாண்டிய தெய்வநாயகம் சார்
காட்டுயானம் அரைக்கிலோ வாங்கிப் போய்
வேகவே மாட்டேங்குது என்று திட்டிவிட்டு
இன்னொரு அரைக்கிலோ வாங்கினார்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய வாரம்
கெடிலம் பாலம் தாண்டி
ஒரு குடையும் வரவில்லை.
நாற்பது கட்டுக் கீரை
நனைந்து கனத்து
தராசையே ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி வந்தாள்,
தேவனாம்பட்டினத்திலிருந்து, வெறும் மீன்கூடையோடு.
"போட்டு போவல. தெருவுல ஒருத்தர்கிட்டயும் காசில்ல.
கீரையைக் குடு. கடலு தெறந்தா கணக்கு."

யாரைக் கேட்பது என்று திரும்பினேன்.
எல்லோரும் அவள் கூடையில்
அடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.
கடன் என்று எழுதினேன்.

மூன்றாவது ஞாயிறு
தினத்தாளில் மடித்த நெத்திலிக் கருவாடு,
ஆளுக்கொரு பொட்டலம்.
கீரையே போடாத ராமாபுரம் வாழைக்காரருக்கும்.
எதையும் விளைவிக்காத எனக்கும்.

இது வரவா, விற்பனையா?
ஸ்கேல் வைத்து
நோட்டில் புதிதாக ஒரு கோடு இழுத்தேன்.
மேலே எழுத வார்த்தை கிடைக்கவில்லை.
தணிக்கைக்கு வரும் ஷாஜகான்
கேட்டால் கேட்கட்டும்.
அந்தப் பக்கம் மட்டும்
இன்னும் கருவாடு மணக்கிறது.