கூட்டுப் பொறுப்பு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்,
சிப்ஸ் கடைக்கு மேலே சங்கத்தின் ஒற்றை அறை.
ஞாயிறு மூன்று மணி.
கீழே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
அன்று பேசிய எல்லாவற்றிலும்
நேந்திரங்காய் வாசம்.

ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்குவது என் வேலை.
கன்னடத்துக்கு நாகவேணி.
ஒரு வாக்கியம் இன்னும் இரண்டு முறை பிறக்கும்வரை
முத்தாலே சிலுஃப்யா
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியபடி நிற்பார்.

ஜாம்பியாக்காரர். செம்பைப் பற்றிச் சொன்னார்.
மண்ணுக்குள்ளிருந்து செம்பு கப்பலேறுகிறது,
வீடு திரும்புவது வட்டிக் கணக்கு என்றார்.
கட்டக் கூடாது என்றார்.
கடன் என்று சொல்லும்போதே எனக்கு நாக்கு இடறியது.
காலைக்கடன், நேர்த்திக்கடன்,
செத்தவருக்குச் செய்யும் இறுதிக்கடன்.
தீர்க்காமல் விட்டால் பாவம் என்று
சொல்லே மிரட்டுகிற சொல்லை வைத்துக்கொண்டு
எப்படி
கட்டாதே என்பது?

எஃபுவா குறுக்கிட்டார்.
அக்ராவில் தையல்காரர் சங்கம் நடத்துபவர்.
வெள்ளைக்காரர் உடுத்தி எறிந்த சட்டை
மூட்டை மூட்டையாக இறங்கி
தெருவில் பாதி மெஷினுக்குத் துருப்பிடித்த கதையை
அதற்குமுன் சொல்லியிருந்தார்.
(அப்போது முதல் வரிசையில் சில பேர்
தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள்.)
காலையில் ஆட்டோவிலேயே
முத்தாலேயோடு அவருக்குச் சண்டையாம்.

கட்டாதே என்பது சரி, தோழர்.
வாங்கியவன் அதில் எங்கே வீடு கட்டினான் என்று கேட்காவிட்டால்
அடுத்த கடனுக்கும் அவன்தான் கையெழுத்துப் போடுவான்.

தமிழில் அது தானாகவே எதுகையில் விழுந்தது.
எஃபுவா எதிர்பாராத கைதட்டல்.
முத்தாலே மேஜையைத் தட்டினார்.
அவன் வீட்டுக்குச் செங்கல் விற்றது யார்,
அந்தப் பணத்தைப் பூட்டிவைத்த வங்கி எந்த ஊரில் என்றார்.
பத்து நிமிடம் இருவரும் எங்களை மறந்துபோனார்கள்.
நகர்ந்துவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவர்கள் போல
நானும் நாகவேணியும்.

அப்போதுதான் மாதம்மாள் எழுந்தாள்.
காலர் செக்‌ஷன். பாலக்கோட்டுப் பக்கம்.

"இதுல குழு உண்டா?"

என்ன குழு?

"எங்க குழுவுல பத்துப் பேரு.
ஒருத்தி தவணைக்கு வரலைன்னா
மிச்சம் ஒம்பது பேரையும் உக்கார வைப்பான் ஃபைனான்ஸ் பையன்.
போன மாசம் ராத்திரி பதினொன்றரை.
எம்மவன் பசியோட தூங்கிட்டான்.
அங்க ஒரு நாடு கட்டலைன்னா
பக்கத்து நாட்டை உக்கார வைப்பாங்களா?"

சொன்னேன்.
எஃபுவா மறுபடி சொல்லச் சொன்னார்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்,
அன்றைக்கு முதல் முறையாக.

உட்கார வைப்பதில்லை, என்றார் முத்தாலே மெதுவாக.
பக்கத்து நாட்டுக்கும் வட்டியை ஏற்றிவிடுவார்கள்.

"அப்ப குழுதான்."
மாதம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து டீ.
முத்தாலே என் பக்கத்தில் வந்து நின்றார்.
ஆய்வு முடிய இன்னும் ஒன்றரை வருஷம்.
ஹெண்ணூரில் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.
இந்த மாதம் ஏழு வீடு பார்த்தாயிற்று.
போனில் காலியாக இருந்தவை
நேரில் போனதும் நிரம்பிவிட்டன.
உங்கள் பக்கம் ஏதாவது?

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி
நான்கு மாதமாகச் சும்மா கிடக்கிறது.
குடும்பத்தினருக்கு மட்டும் என்ற பலகை
என் கையெழுத்து.
அழகாக எழுதுவேன் என்று ஓனர் கேட்டார்.
யாரைத் தடுக்க என்பதையும்
ஒளிக்காமல்தான் சொன்னார்.
மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்தேன்.

கேட்டுப் பார்க்கிறேன், என்றேன்.

"என்ன கேக்குறாரு?" மாதம்மாள்.
ஒன்றுமில்லை, சும்மா.

"ரெண்ட்டுன்னாரே. அது எனக்குப் புரியும்,"
என்று தம்ளரை அலசிக் கவிழ்த்துவிட்டு
பதிலுக்கு நின்றாள்.

கீழே அடுத்த ஈடு
எண்ணெயில் விழும் சத்தம்.