மாதிரி முப்பத்தேழு

பத்தேகாலுக்கு மின்சாரம் போனது.
பம்பைமடு வெயில் ஆய்கூடத்துக்குள் வந்து
கதிரை தேடி உட்கார்ந்தது.
நியமிப்புக்கு மின்சாரம் தேவையில்லை.
கண் வேண்டும்,
அமோனியா நெடிக்குச் சுளிக்காத மூக்கு வேண்டும்.

மேசையில் நாற்பத்தொரு கிணறுகள்.
பீடம் தந்த போத்தல்கள் இருபதோடு முடிய
மிச்சக் கிணறுகள் சோடாப் போத்தலில் வந்தன;
ஒன்று நல்லெண்ணெய்ப் போத்தலில்,
கழுவினதுதான் என்ற சத்தியத்தோடு.

இமேஷா அளவியை வாசிக்கிறாள்.
மதவாச்சிக்காரி. இரண்டு வருடத்துத் தமிழ்.
களைத்தால் எண்கள் மட்டும்
சிங்களத்தில் வரும்.
ஹஸ்னா அதைத் தமிழில் எழுதிக்கொள்வாள்,
தலை நிமிர்த்தாமல்.

வன்னீர் என்று பாடப்புத்தகம் சொல்லும்.
வன்னி நீர் என்று நகுலேசன் அண்ணை சொல்லுவார்,
ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளிடமும்,
புதிதாய்ச் சொல்வதுபோல.
காட்டி விழுந்ததும் சிவக்கும் குடுவை
துளி துளியாய் இறங்கி
ஒரு துளியில், அந்த ஒரு துளியில்,
நீலமாகும்.

முப்பத்தேழு சிவக்கவேயில்லை.
விட்டவுடன் நீலம்.
மறுபடி. நீலம்.
மூன்றாம் தரமும் நீலம்.

வடிநீர் கலந்திட்டியளோ என்றார் அண்ணை.
இல்லை என்றோம் மூவரும், ஒருவரையொருவர் பார்த்தபடி.
வெட்டிவிடலாமா என்று நான் கேட்டேன்.
கலாநிதி யூடித் பென்சிலால்
எண்ணைச் சுற்றி வட்டம் போட்டா.
"கிணறு பொய் சொல்லாது.
சனிக்கிழமை போய்க் கேளுங்கோ."

நெடுங்கேணி தாண்டி
பெயர்ப்பலகை இல்லாத ஒழுங்கை.
யோகராணி அக்கா
கோழிக்குத் தவிடு குழைத்த கையோடு வந்தா.
கேட்டதும் முகம் சுருங்கியது,
களவு பிடிபட்டதுபோல.

"கம்பஸ் பிள்ளையள் வெயிலுக்க வந்து
தண்ணி கேக்குறியள்.
அந்தச் சவரையோ அள்ளித் தாறது?
கடையடி மெசின் தண்ணி அது.
அவருக்கெண்டு வாங்கினது."

அவர் உள்ளே படுத்திருந்தார்.
செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரி,
இரத்தம் கழுவ.
மற்ற நாள்களில்
நாளொன்றுக்கு அரை லீற்றர், மேலே ஒரு மிடறும் இல்லை.

அந்த நேரம்தான் அவருக்கு ஒரு பங்கு.
பாணி மருந்தின் சின்னக் குவளை.
அக்கா ஊற்றினா,
கண்மட்டத்துக்கு உயர்த்தினா,
ஒரு கண்ணை மூடி
பிறையின் அடியைப் பார்த்தா,
சொட்டுக் கூடியதைத் திரும்பப் போத்தலுக்குள் விட்டா.

இமேஷா என் கையைக் கிள்ளினாள்.
முதலாம் வருடம் முழுக்க
எங்களுக்கு அது சரிவரவில்லை.

பிறகு கிணற்றில் அள்ளித் தந்தா.
தெளிந்த தண்ணீர். பார்க்க ஒன்றுமில்லை.
தேத்தண்ணி வேண்டாம் என்றோம்;
கேத்திலின் உட்சுவரில்
முட்டைக்கோது கனத்தில் வெள்ளை.

முப்பத்தேழு அ.
அளவி முழுதும் இறங்கித் தீர்ந்து
இரண்டாம் தரம் நிரப்பிய பின்தான் நீலம்.
புளோரைட்டையும் பார்க்கவேண்டும்.
அந்த மானி திருத்தத்துக்குக் கொழும்பு போய்
ஏழு மாதம்.
இதுதான் அவரைப் படுத்ததா என்று
அக்கா வாசலில் நின்று கேட்டதற்கு
இன்னும் தெரியாது என்றேன்.
அது உண்மை.
உண்மையைச் சொல்லிவிட்டு
மோட்டார்ச் சைக்கிளை உதைப்பது கஷ்டம்.

அட்டவணையில் குறிப்பு என்றொரு நிரை இருக்கிறது.
அதில் எழுதினேன்:
வந்தவர்களுக்கென்று தந்த நீர்.
அடைமொழி கண்டால் அடித்துவிடும் யூடித்
அதைத் தாண்டிப் போனா.

ஒரு லீற்றர்ப் போத்தல்.
மூன்று தரம் ஐம்பது, கழுவ நூறு.
மீதி எழுநூற்றைம்பது.
அவருடைய ஒன்றரை நாள்.

பற்றரிக்கு விடலாம், நல்ல தண்ணி,
என்றார் நகுலேசன் அண்ணை.
பிறகு அவரே
அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்
கதவைச் சாத்தினார்.
மின்சாரம் இன்னும் வரவில்லை.