தெரியாத தப்பித்தல்

ஜட்லாந்தின் மேற்குக் கரையில்
கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே ஒரு மதகு.
பதினான்கு இரும்புக் கதவுகள்.
எப்போது எது இறங்க வேண்டும் என்று சொல்ல
சி மொழியில் ஒன்பதாயிரம் வரி.
எழுதிய வருடம் எண்பத்தேழு.
படிக்கிற மால்தே பிறந்தது தொண்ணூற்றெட்டில்.

புதிய கம்பைலர் வந்திறங்கிய திங்கட்கிழமை
இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள்.
பாதிக்கு மேல் இதைப் பற்றி:

??<

இரண்டு கேள்விக்குறி, ஒரு கோணம்.
மூன்றும் சேர்ந்தால் ஓர் அடைப்புக்குறி என்று கொள்க.
நம் ஆய்தத்துக்கும் மூன்று புள்ளிதான்,
ஆனால் அது தனக்காக நிற்கிறது.
இவை வேறொருவருக்காக வரிசையில் நின்றவை.

அந்தக் காலத்து டேனிஷ் திரையில்
அடைப்புக்குறிக்கு இடம் கிடையாது.
இருந்தவை நூற்றிருபத்தெட்டு நாற்காலிகள்.
அமெரிக்கக் குறிகள் அமர்ந்திருந்த ஆறை
æ ø å, சிறியதும் பெரியதுமாக
எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டன.
உட்காரத்தானே வேண்டும்?
நமக்குத் தீ, பூ போல
அங்கே தீவுக்கு ஓரெழுத்து: ø.
ஓடைக்கும் ஓரெழுத்து: å.
அடைப்புக்குறி இல்லாமல் ஊர் நடக்கும்.
தீவும் ஓடையும் இல்லாமல் டென்மார்க் ஏது?

மால்தே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறான்.
நடுவில் அசர்ட் என்றொரு கட்டளை:
*கடல் என்பது வடகடல்.*
நிரூபிக்க வேண்டாம். சொன்னாலே உண்மை.
எழுநூறு வரி தள்ளி அன்அசர்ட்:
*கடலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.*
இரண்டுக்கும் நடுவில் மட்டும் அலை அடிக்கிறது.

சாயங்காலம் மிஞ்சியது ஒரே ஒரு புகார்.
மூன்றாம் வரி. ஐடென்ட்.
எந்த வேலையும் செய்யாத கட்டளை அது.
சட்டைக் காலருக்குள் தையற்கடைத் துணுக்கு போல
நிரலின் வயிற்றில் ஒரு பெயரை வைத்துவிட்டுப் போகும்.

விபெகே ஓஸ்டர்கார்ட்
என்றுதான் தட்டியிருக்கிறாள்.
அவள் திரையில் தெரிந்தது Ø.
அதே நாற்காலியில் கம்பைலர் பார்த்தது \.
பின்சாய்வு வந்தால்
அடுத்த எழுத்து வேறெதுவாகவோ தப்பிக்கப் போகிறது என்று பொருள்.
n என்றால் புது வரிக்கு. t என்றால் நாலு இடம் தள்ளி.
s என்றால்?
பழைய கம்பைலர் வாய் திறக்காமல்
கோட்டை விழுங்கிவிட்டு மிச்சத்தை எழுதியது.
புதியதும் விழுங்குகிறது, ஆனால் சொல்லிவிட்டு:
*தெரியாத தப்பித்தல்.*
முப்பத்தெட்டு வருடமாக
மதகுக்குள் இருப்பது ஒரு ஸ்டர்கார்ட்.

மால்தேவுக்கு மனசு கேட்கவில்லை.
பழைய சம்பளப் பட்டியல், இரண்டு தவறான எண்கள்,
பிறகு ஓல்போர்கில் ஒரு குரல்.
"ஒரே எழுத்துதான். இன்றைக்கே திருத்திவிடுகிறேன்."
அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது.

"அது கார்ஸ்டனின் பெயர்.
தொண்ணூற்றிரண்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
இப்போது நான் விபெகே லுண்ட்ஸ்கோ."
கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள்.
"பாரேன்,
எனக்கு ஐந்து வருடம் முன்னாலேயே
அந்த எழுத்து வெளியேறியிருக்கிறது.
அதை ஏன் கூட்டிவருகிறாய்?"

வைக்கப் போனவள் கேட்டாள்:
"ஏழாம் கதவு இன்னும் தாமதமாகத்தான் இறங்குகிறதா?"
ஒரு நொடி, என்றான்.
"அது என் தப்பு. அதைத் திருத்து."

மறுபடி ஓட்டினான்.
எச்சரிக்கைகள்: 1.
அதை அடக்கும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான்.

வெளியே வடமேற்குக் காற்று.
கதவுகள் இறங்கத் தொடங்கிவிட்டன.
நான்கு. ஐந்து. ஆறு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
எண்ணுகிறான்.