மீசைக்கு ஒரு நாற்காலி

வார்டோ துறைமுகத்தில் எய்லிவ் என்றொரு முடிதிருத்துநர்;
தம் தலையில் திருத்த ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை கதவை முட்டிக்கொண்டு
சொட்டச் சொட்ட வந்தது ஒரு வால்ரஸ்.
நாற்காலியில் ஏறியது.
"கிறீச்" என்றது நாற்காலி.
அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

கத்தரியைக் காட்டினார்: "ம்ஹூம்!"
சீப்பைக் காட்டினார்: "ம்ம்ம்..."

நானூறு மீசைமுடி.
நானூறையும் வாரினார்.
நடுவில் ஒரு தும்மல்;
முகம் முழுக்கக் கடல்.
கூலி இரண்டு சிப்பி.
ஒன்று காலி. வழியில் பசித்திருக்கும்.

அடுத்த வியாழன் ஆளைக் காணோம்.
நாற்காலியை உடைத்த வெட்கமோ?
சீப்பைச் செருகிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

அங்கே அது, மூச்சு வாங்க,
ஒரு மீன்பெட்டியைத் தந்தத்தால் தள்ளி வந்துகொண்டிருந்தது.
"உட்காருங்கள்" என்பதுபோல் தட்டியது.
எய்லிவ் உட்கார்ந்தார்.

மினுமினுக்கும் வழுக்கையை
மீசையால் மெல்ல,
மிக மெல்ல,
வாரிவிட்டது வால்ரஸ்.