இடப்பக்கக் கண்ணாடி

தொண்டி தாண்டியதும் தலை கவிழ்ந்துவிட்டது
இடப்பக்கக் கண்ணாடி.
அதில் தெரிந்ததெல்லாம் எங்கள் பின்சக்கரம்,
அது மிதித்துக்கொண்டே வரும் வெள்ளைக்கோடு.
அந்தப் பக்கம் வேறு உலகமே இல்லை.

தனிஸ்லாஸ் இறங்கி நிமிர்த்தினார்.
பத்து நிமிடம் நின்றது.
ஸ்பேனர் போட்டு முறுக்கினார்.
எட்டு நிமிடம்.
என் துப்பட்டாவை வாங்கிக் கட்டினார்.
திருப்பாலைக்குடியில் பார்த்தால்
துப்பட்டா இருக்கிறது,
கண்ணாடி பழையபடி டயரைப் பார்க்கிறது.

அப்புறம் அவரே கண்ணாடி ஆனார்.
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி,
முடியெல்லாம் பறக்க,
"பைக்கு ஒண்ணு உள்ள நுழையுது, பொறு."
"ஆடு. ரெண்டு ஆடு."
"ஒதுங்கலாம், ஒதுங்கு."
நான் எதுவும் கேட்காதபோதும்
"ஒண்ணுமில்ல, உப்பளம்தான்."

நாலு மாதமாய் இந்த வேன்தான் வீடு.
மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு,
ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர்
முதுகுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டு வர
முன்னால் உட்கார்ந்து
ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.
நாலு மாதத்தையும் கூட்டிப் போட்டாலும்
அன்றைக்குப் பேசிய அளவு வராது.

உச்சிப்புளியில், உடைமர நிழலில்
இபுராம்சாவின் பட்டறை.
ஆடும் பல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல
கண்ணாடியின் கையை அசைத்துப் பார்த்தார்.
"போல்ட்டு நல்லாத்தான் இருக்கு.
பிடிக்கிற தகரத்தை உப்பு தின்னுருச்சு.
முறுக்க முறுக்க ஓட்டைதான் பெருசாகும்.
எத்தனை தடவை முறுக்குனீங்க?"
நாங்கள் இருவரும்
ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

கதவின் உள்தட்டைக் கழற்றும்போது
திரைச்சீலையையும் குக்கரையும் எட்டிப் பார்த்து
"வீட்டுக்கு எதுக்கும்மா
பின்னாடி பாக்குற கண்ணாடி?" என்றார்.
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
மீன்பெட்டிக்கு அடிக்கிற தகட்டில்
நாலு விரல் அகலம் வெட்டி
கதவுக்கு உள்ளே மறைவாக வைத்தார்.
வெளியே சைக்கிள் டியூப் துண்டு, கொஞ்சம் கிரீஸ்.
"இது போட்டுக்குப் போடுற போல்ட்டு,
சீக்கிரம் துரு ஏறாது."
ஸ்பிரிங் வாஷர், நட்டு,
நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு.
"பாம்பன் காத்துக்கு ஒண்ணு பத்தாது."

கடைசி முறுக்கு முறுக்குமுன்
நான் ஸ்டீயரிங்கில் உட்கார வேண்டும்,
அவர் வெளியே நின்று திருப்ப வேண்டும்.
"மேலயா?"
"கொஞ்சம்."
வானம் வந்தது, பனை ஒன்று தலைகீழாய்ச் சரிந்தது போலிருந்தது,
பிறகு தனிஸ்லாஸின் முகம்,
கண்ணாடி முழுக்க.
மூக்குமேல் உப்பு. இடது புருவத்தில் ஒரு நரை,
எப்போது வந்ததோ.
எனக்குத் தெரிகிறார் என்பது தெரியாமல்
என்னைத் தேடிக்கொண்டிருந்தார் அதில்.
"போதுமா?"
ரோடு அப்போதே தெரிந்துவிட்டது.
"இன்னும் கொஞ்சம்" என்றேன்.
இபுராம்சா ஸ்பேனரோடு காத்திருந்தார்.
"இன்னும்."

முந்நூற்றைம்பது ரூபாய்.
மிச்சமான பழைய போல்ட்டை
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்,
டாக்டர் பிடுங்கிய பல்லைக் கொடுப்பதுபோல.

பாலத்தில் ஆனி மாதக் கச்சான் அடித்தது.
வண்டி ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்து
மறுபடி கோட்டுக்கு வந்தது.
உள்ளே டம்ளர் ஒன்று உருண்டது.
கண்ணாடி இம்மியும் அசையவில்லை.
அதில் மண்டபத்துக் கரை,
நங்கூரத்தில் ஆடும் நாலைந்து படகு,
எல்லாம் தெளிவாக, அதனதன் இடத்தில்.

தனிஸ்லாஸ் ஜன்னலை ஏற்றவில்லை.
தலையை வெளியே நீட்டினார்.
"ஒண்ணுமில்ல," என்றார், காற்றில் கத்தி,
"கடல்தான்."

கண்ணாடிப் பக்கம் திரும்பாமல்
"அப்படியா" என்றேன்.