மண் காய்ச்சுகிறவன்

சாராயம் காய்ச்சுகிறவன் போல
என்னை மண் காய்ச்சுகிறவன் என்கிறார்கள்.
தப்பில்லை.
சூடேற்றுகிறோம், ஆவி எழுகிறது,
குளிரவைத்துக் குழாயில் பிடிக்கிறோம்.
சொட்டுச் சொட்டாக இறங்குவது
யாரும் குடிக்காத சரக்கு.

கடலூர் முதுநகர், துறைமுகத்துக்குப் பின்னால்
விசைப்படகுகளுக்கு டீசல் ஊற்றிய பங்க்.
தரைக்கடியில் ஒரு தொட்டி
பதினோரு வருஷம் கசிந்திருக்கிறது.
குறைந்த லிட்டரையெல்லாம்
'ஆவியானது' என்று எழுதிவைத்திருந்தார்கள்.
ஆவியாகவில்லை.
உப்பனாற்றுப் பக்கமாகச் சாய்ந்து
அஞ்சலாட்சியின் முருங்கைக் கொல்லையில்
வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.
அந்தக் கணக்கைத்தான்
இப்போது நிஜமாக்குகிறோம்.

எனக்கு இரவுப் பணி.
சுழலும் உருளை, முந்நூற்று நாற்பது டிகிரி.
உள்ளே போகுமுன் சல்லடையில் நிற்பவை:
சிப்பி, தூண்டில் ஈயம், ஒரு கொலுசுத் திருகு.
ஒருநாள் முழு நண்டு ஓடு,
பாலிஷ் போட்ட செருப்பைப் போல மின்னிக்கொண்டு.

மழை வந்தால் தொல்லை.
ஈரமண் முதலில் தண்ணீரைத்தான் விடும்,
டீசலை விட மனசு வராது.
ஐப்பசி முழுக்கத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியபடி
வானத்தைத் திட்டினேன்.
வரப்பில் நிற்கும் என் அப்பாவிடம்
இதை மட்டும் சொல்லவில்லை.

மறுபக்கம் விழும் மண்
செங்கல் தூள் நிறம்.
தண்ணீர் தெளித்துத் தணிப்போம்.
ஆய்வகத் தாளில் ஜெயக்கொடி மேடம் எழுதுவார்:
'கண்டறியும் அளவுக்குக் கீழே.'
அந்த மூன்று சொல்லுக்குத்தான் எங்கள் சம்பளம்.

மார்கழியில் முதல் லோடு கொல்லைக்குத் திரும்பியது.
ஐஸ் கம்பெனி வேலை முடித்து வந்த அஞ்சலாட்சி
ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.
கிணற்றில், குழம்பில், துவைத்த சேலையில்
பதினோரு வருஷம் டீசலை முகர்ந்த மூக்கு.
நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"டீசல் இல்ல."
இன்னொரு தடவை முகர்ந்தார்.
"மண்ணும் இல்லியே."

தணிகைவேல் சிரித்துவிட்டான்.
நான் அன்றிரவு
ஆறிய குவியலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி
முழங்காலிட்டுக் குனிந்தேன்.
நனைந்தது. அவ்வளவுதான்.
மழைக்கு எழும் வாசம்
மண்ணுடையதே இல்லையாம்.
உள்ளே வாழும் கண்ணுக்குத் தெரியாதவை
விட்டுவைப்பதாம். மேடம் சொன்னார்.
அவையும் டீசலோடு போய்விட்டன.
எங்கள் தாளில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது.

அடுத்த வாரம் போனபோது
பக்கத்துக் கொல்லைக் கத்தரிப் பாத்தியிலிருந்து
ஒரு கூடை மண்ணோடு நின்றிருந்தார்.
"ஆறிடுச்சா?"
வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன்.
முப்பத்தொன்று.
"ஏன் கேக்கறீங்க?"
"காய்ச்சின பால அப்படியேவா வைப்ப?
உறை ஊத்த வேணாமா?"

கூடையை இடுப்பில் வைத்து
கைகையாக இறைத்துக்கொண்டே போனார்.
கருப்பு மண், அதில் ஒரு அரைமண்புழு
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நெளிந்தது.
மூடிவைக்கத் தட்டில்லை என்று
இரண்டு தென்னைமட்டையைப் போட்டார்.

உறைந்ததா என்று தெரியவில்லை.
தை முடியட்டும்.
எனக்கு இன்னும் ஆறாயிரம் டன் பாக்கியிருக்கிறது.
நேற்றிலிருந்து, லாரி கிளம்பும்போதெல்லாம்
ஓட்டுநரிடம் கேட்கிறேன்:
போகிற இடத்தில் பக்கத்துக் கொல்லை யாருடையது,
ஒரு கூடை தருவார்களா.