தொள்ளாயிரத்து நாற்பது

படிவம் சொன்னது ஆயிரத்து நானூற்று இருபது கலோரி.
உடம்பு சொன்னது இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது.
உடம்பிடம் கேட்கும் வழி இது:
கனத்த அணுக்கள் கலந்த தண்ணீர் ஒரு டம்ளர்,
பிறகு பத்து நாள் சிறுநீர்,
மூடி இறுக்கிய புட்டிகளில்.
பையன் குடித்துவிட்டு
"சப்புன்னு இருக்குதுங்க்கா" என்றான்.

நிதர்ஷன். பதினொரு வயது. அறுபத்தொரு கிலோ.
திருப்பூர், வேலம்பாளையம், லைன் வீட்டில் நாலாவது கதவு.

"நேத்து காலைல?"
"ரெண்டு இட்லி."
"மத்தியானம்?"
"கொஞ்சூண்டு அரிசிம்பருப்பு சாதம்."

கொஞ்சூண்டை கிராமாக்க
என் பையில் நான்கு கிண்ணம், ஆறு கரண்டி,
மூன்று அளவில் இட்லியின் படங்கள்.
ஒவ்வொரு முறையும் சின்ன இட்லியையே தொட்டான்.
தொடுமுன் ஒருதரம் அம்மாவைப் பார்த்தான்.

கோகிலவாணி ஓவர்லாக் மெஷினை விட்டு
ராத்திரி ஒன்பதரைக்கு வருகிறவள்.
அவள் சொன்னதெல்லாம் அவள் ஆக்கிவைத்தது:
போகும்போது மூடிபோட்ட போசி,
வரும்போது காலிப் போசி.
நடுவில் நடந்ததற்கு அவள் சாட்சியில்லை.

அப்பா சென்னியப்பன், துணிக்கு ஜிஎஸ்எம் பார்க்கிறவர்.
வட்டக் கத்தியை அழுத்தித் திருகினால்
உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று விழும்.
ஒன்று புள்ளி எட்டு கிராம் இருந்தால்
பையர் கேட்ட நூற்றெண்பது.
என் தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கிராமுக்குக் கீழ காட்டாதுங்களா?"
பிறகு, சிரிக்காமல்,
"ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும்
எங்க கம்பெனி கக்கூஸ்ல சோப்பு இருக்குமுங்."

நான் எடைபோட்ட மூன்று நாளும்
அந்த வீட்டில் சுண்டல் வெந்தது.
வெள்ளரிக்காய் வட்டமாய் நறுக்குப்பட்டது.
பையன் பாதித் தட்டோடு எழுந்துகொண்டான்.

பருத்த பிள்ளைகள் குறைத்துச் சொல்லும் என்று
பயிற்சியில் சொன்னார்கள்,
எத்தனை சதவீதம் என்பதையும்.
பொய் என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை.
நாங்களே மனசுக்குள் எழுதிக்கொண்டோம்.

நான்காம் முறை போனபோது
என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.
நேத்து கரண்ட் எப்போ போச்சு என்றேன்.

"நாலே முக்காலுக்குங்க்கா. எதுத்த நிட்டிங் சத்தம் நின்னுச்சு, ஃபேனும் நின்னுச்சு, அதனால பேக்கரிக்குப் போனோம், அங்க இன்வெர்ட்டர் இருக்குது, ஒரு தேங்கா பன் வாங்குனா உக்காரலாம், ரெண்டு வாங்குனா ரொம்ப நேரம் உக்காரலாம். அப்புறம் ஆறாவது வீட்டு ரிங்கி அக்கா கூப்புட்டாங்க, ஊர்ல இருந்து மாவு வந்திருக்குதுன்னு. உருண்டை புடிச்சு நெருப்புல சுட்டு நெய்ல முக்கித் தருவாங்க, லிட்டின்னு பேரு, நாலு. இந்தி எனக்குப் புரியும்ங்க்கா. ராத்திரி அம்மா சாப்பிடறப்போ பக்கத்துல உக்காருவேன். அம்மா ஒரு வாய் தின்னுட்டு எனக்கு ஒரு வாய் குடுக்கும். அது அம்மாவோட சாப்பாடுதானே."

"இதையெல்லாம் ஏன்டா அன்னிக்குச் சொல்லல?"
"நீங்க சாப்பாடுதானே கேட்டீங்க."

கச்சாயத்துக்கு என் பட்டியலில் எண் உண்டு.
ஒப்புட்டுக்கு உண்டு, சந்தகைக்கு இரண்டு.
லிட்டிக்கு இல்லை.
'பிற' என்று எழுதினேன்.
அம்மாவின் வாய்களை எங்கே எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.
அவளுக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தால்
ஒரு தட்டு, முழுசா, என்றுதான் சொல்லியிருப்பாள்.

"அக்கா, நீங்க காலைல என்ன சாப்டீங்க?"

"ரெண்டு இட்லி" என்றேன்,
யோசிக்காமல்.
பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்கிய
முட்டை பப்ஸின் துகள்
அப்போதும் துப்பட்டாவில் இருந்தது.

அவன் அதைப் பார்த்தான்.
என் பைக்குள் கைவிட்டு
மூன்று படங்களையும் எடுத்து
என் முன்னால் வரிசையாக வைத்தான்.
"எந்த அளவுங்க்கா?"